மாங்கா அடிச்ச தோள்

டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் கையை மடக்கிப் பந்து போடுகிறவனை 'மாங்கா' என்போம். மரத்தில் தொங்குகிற மாங்காயைக் கல்லால் அடிக்கும்போது முழங்கை மடங்கித்தானே நிமிரும், அதிலிருந்து வந்த பெயர். சென்னையிலும் இது வசவுதான். ஆனால் சேலத்துக்காரனுக்கு அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சேர்வராயன் மலையைச் சுற்றிய ஊர்களில் மாந்தோப்புக்குப் பஞ்சமில்லை. எங்கள் பக்கத்து ஃபாஸ்ட் பௌலர்கள் பலருக்கு முதல் கோச் ஏதாவதொரு மாமரம்தான்.

அந்த வசவின் அதிகாரபூர்வ வடிவத்தைச் சந்தித்தவர் சின்னப்பம்பட்டி நடராஜன். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் மட்டுமே ஆடியவர். 2015-இல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சியில் அறிமுகமானதும், அவருடைய பந்துவீச்சு விதிக்கு உட்பட்டதுதானா என்று சந்தேகம் கிளப்பினார்கள். பந்து கையை விட்டுப் போகும்வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது சர்வதேச விதி. நடராஜன் ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2017-இல் ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகம். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் பந்து போடும் ஒவ்வொரு பையனுக்கும் கை என்பது வெறும் கை இல்லை. வீட்டுக்கடன், அக்கா கல்யாணம், அப்பாவின் தறி எல்லாம் அதில்தான் தொங்குகிறது.

அதனால்தான் அந்தக் கையைத் தாங்கும் தோளைப் பற்றி எழுதத் தோன்றியது.

தோள் மூட்டு ஒரு விசித்திரமான ஏற்பாடு. இடுப்பில் பந்து ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. தோளில் பெரிய பந்து, ஆழமே இல்லாத சின்னத் தட்டு. பந்து விழாமல் பிடித்துவைப்பது சுற்றியிருக்கும் சவ்வும், ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறிய தசைகளும். எல்லாப் பக்கமும் சுழலும் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை, உறுதி.

முழு வேகத்தில் எறிபவனை ஸ்லோ மோஷனில் பாருங்கள். முழங்கை மடங்கி, முன்கை பின்னால் சாய்ந்து சாய்ந்து கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் போகும். அங்கிருந்து தோள் உள்பக்கமாகச் சுழலும். பேஸ்பால் பிட்சர்களிடம் அளந்தபோது நொடிக்கு 7000 டிகிரி. அதே வேகம் நீடித்தால் ஒரு நொடியில் 19 முழுச்சுற்று! மனித உடலின் மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று. நாம் வேகத்தை ரசிக்கிறோம். பந்து போனபிறகு அந்தக் கையை நிறுத்த வேண்டுமே, அதை யார் செய்வது? தோளின் பின்பக்கத் தசைகள். ஒவ்வொரு எறிக்கும் பிரேக் பிடித்துப் பிடித்து அவை இறுகிப்போகின்றன.

இங்கேதான் மாமரம் வருகிறது. பிறக்கும்போது மேற்கை எலும்பு பின்பக்கமாகச் சற்று முறுக்கியிருக்கும். வளர வளர அது குறையும். சிறு வயதிலேயே நிறைய எறிகிற பையனுக்கு எறியும் கையில் அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால் அவன் கை பின்னால் அதிகம் சாயும், அதே அளவு முன்னால் குறைவாகத் திரும்பும். இரண்டையும் கூட்டினால் இடது கை, வலது கை கணக்கு ஏறக்குறைய சமம். அது நோயில்லை, எறிபவனின் உடல்வாகு.

தப்பு நடப்பது கூட்டுத்தொகை குறையும்போது. பின்பக்கம் இறுகி, முன்னால் திரும்புவது மேலும் குறைகிறது. இரண்டு கைக்குமான வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டிய பிட்சர்களுக்குக் காயம் அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். மல்லாந்து படுத்து, மேற்கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, முன்கையைப் பின்னாலும் முன்னாலும் சாய்த்துப் பார்த்தால் போதும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

என் பெரியம்மா மகன் ஒருவர் இருக்கிறார். பதினெட்டு வயதில் எங்கள் வட்டாரத்து டோர்னமென்ட்களில் அவர் பந்தைப் பார்க்கவே கூட்டம் வரும். இருபத்திரண்டில் தோள் போனது. இப்போது ஏற்காட்டுக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கை இடது கைதான் இழுக்கும். பெல்ட்டை முதுகுப்பக்க வளையத்தில் நுழைக்க அண்ணிதான் வர வேண்டும்.

"அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லண்ணா?" என்றேன்.

"சொன்னா அடுத்த மேட்ச்ல எடுக்க மாட்டாங்கடா. ஸ்ப்ரே அடிச்சிட்டு, ரெண்டு பேரு கைய பின்னாடி புடிச்சு இழுத்து விடுவாங்க. லூசான மாதிரி இருக்கும். போயிப் போடுவேன்."

கையைப் பின்னால் பிடித்து இழுத்துவிடுவது இன்றும் எங்கள் மைதானங்களில் வார்ம்-அப். ஏற்கெனவே அதிகம் சாய்கிற பக்கத்தையே இன்னும் இழுக்கிறோம். முன்பக்கச் சவ்வு தளர்கிறது, பின்பக்க இறுக்கம் அப்படியே இருக்கிறது. தேவை இதற்கு நேர் எதிரானது. எறியும் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மேற்கையை முகத்துக்கு நேரே நீட்டி, முழங்கையை மடக்கி, மற்ற கையால் முன்கையை மெல்லத் தரைநோக்கி அழுத்துவது. அல்லது முழங்கையைப் பிடித்து மார்புக்குக் குறுக்கே இழுப்பது. பின்பக்கம் இழுபட வேண்டும். முன்பக்கம் வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

ஆனால் ஸ்ட்ரெச்சிங் மட்டும் காப்பாற்றிவிடாது. டென்னிஸ் சர்வில் பாதி சக்தி கால்களிலிருந்தும் இடுப்பு, உடம்பிலிருந்தும் வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எறிவதும் அப்படித்தான். அடியில் குறைந்தால் மிச்சத்தைத் தோளோ முழங்கையோ கட்ட வேண்டியிருக்கும். பயிற்சியாளர், பிசியோ எல்லாம் இருந்த நீரஜ் சோப்ராவுக்கே 2019-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 800 விக்கெட் எடுத்த முரளிதரன் 2004-இல் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அவர்களுக்குக் காத்திருக்க நேரமும், பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தது.

மலைமேல் நாகலூர்ப் பக்கம் மைதானம் என்றால் காபிச் செடிகளுக்கு நடுவே சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். பந்து எல்லையைத் தாண்டினால் சரிவில் உருளும். ஃபீல்டர் கீழே இறங்கி, கால் ஊன்ற இடமில்லாமல், மேல்நோக்கி எறிவான். கால் வேலை செய்யாத எறி, முழுப்பாரமும் தோளுக்கு. அங்கே பதினாலு வயதுப் பையன் ஒருவன் நாலு ஓவர் போட்டுவிட்டு எல்லையிலும் நின்றான். அன்றைக்கு மூன்று மேட்ச். பௌலிங்கில் கை நீட்டியபடி சுழல்கிறது, எறியும்போது மடங்கிச் சாட்டையாகிறது. இரண்டும் வேறு வேறு அசைவு, தோள் ஒன்றுதான். அவன் பந்துகளை ஸ்கோர் புத்தகம் கணக்கு வைத்திருந்தது. எறிந்தவற்றை யாரும் எண்ணவில்லை.

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலுக்கு வயதுவாரியாக எல்லை வகுத்திருக்கிறார்கள். 9-10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து, 11-12 வயதுக்கு 85. அதற்குமேல் ஓய்வு நாள் கணக்கு தனி. வளரும் எலும்பின் நுனி இன்னும் குருத்தெலும்பாக இருக்கும் வயது அது. மாமரம் கொடுத்த பின்வளைவை, எண்ணிக்கை மீறினால் அதே எலும்பு காயமாகத் திருப்பித் தரும். இந்த எல்லைக்கு லேப், ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

வாழப்பாடி பக்கம் 2020-இல் பெரிய மைதானம் வந்துவிட்டது. சின்னப்பம்பட்டியில் நடராஜனே ஒரு மைதானம் கட்டியிருக்கிறார். பையன்கள் இன்னும் வருவார்கள், இன்னும் வேகமாகப் போடுவார்கள். மூன்றாவது மேட்ச் தொடங்கும்போது நம் கேப்டன்கள் வழக்கமாகக் கேட்பது, "போட முடியுமாடா?" என்றுதான். நடராஜன் மாதிரி ஆக வேண்டும் என்று வந்தவன் அதற்கு ஒரே பதில்தான் சொல்வான்: "முடியும்ணா." கேட்க வேண்டியது, "இன்னைக்கு எத்தனை போட்ட, எத்தனை எறிஞ்ச?" அதற்குப் பதில் நோட்டில் இருந்தால், அவன் வலியை மறைக்க வேண்டிய அவசியமும் இருக்காது.