ஏழு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மலை

வேளாங்கண்ணிக்கு எத்தனை முறை போய் வந்தோம் என்று எங்கள் வீட்டில் எவரும் கணக்கு வைத்ததில்லை. புனித தேவசகாயம் 1752ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலைக்கோ, எங்கள் தாயார் ஆண்டு தவறாமல் செபமாலையும் கையுமாகப் புறப்பட்டுவிடுவார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்த வேளையில், தொலைக்காட்சியின் முன்னே முழந்தாளிட்டவரை எழுப்புவதே பெரும்பாடாயிற்று. அத்தகையவர், மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தொலைவே உள்ள சிதறால் மலையில் எழுபத்தாறு வயது வரை கால் வைத்ததில்லை.

காரணம் கேட்டோம். "சின்னப் பிள்ளையில எங்க அம்மை சொன்னா, அது நமக்குள்ள மலை இல்லேண்ணு" என்றார். அவ்வளவுதான். ஒரு தாயின் ஒற்றைச் சொல் எழுபது ஆண்டுகள் வேலியாய் நின்றிருக்கிறது.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகள் மலையேற வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தனர். தாயாரைத் தனியே விட்டுச் செல்ல மனமில்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே அறிவித்திருப்பதை எடுத்துச் சொன்னோம். சங்கத்தின் ஏட்டைவிடப் பேரனின் கெஞ்சலுக்கே பலன் கிட்டியது என்பதை மறைப்பானேன்! "நான் அங்க கும்பிட மாட்டேன், பாக்க மட்டும் வாறேன்" என்ற நிபந்தனையோடு குடையை எடுத்துக்கொண்டார்.

அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் கல் பாவிய பாதை. இருமருங்கிலும் கொல்லாமரங்கள். பத்தடிக்கு ஒருமுறை தாயார் நிற்க, நாங்களும் நின்றோம். அதனால் இழப்பொன்றுமில்லை. ஒவ்வொரு முறை திரும்பிப் பார்க்கும்போதும் தென்னையும் ரப்பருமாய்ப் பசுமை விரிந்துகொண்டே போயிற்று. உச்சியை அடைந்தபோது கீழே தாமிரபரணி வளைந்து கிடந்தது. அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாய் நின்றது. குழித்துறைப் பாலத்தில் பேருந்தில் நெருக்குண்டு கடக்கும் அதே ஆறுதானா இது என்று வியந்தோம்.

இம்மலைக்குத் திருச்சாரணத்துமலை என்பது பழம்பெயர். சமண முனிவர்கள் தங்கித் தவம் புரிந்த இடம். கவிந்து நிற்கும் பெரும்பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் இது பகவதி கோவிலாயிற்று. இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. தொல்லியல் துறை இதனைப் பாதுகாத்து வருகிறது.

பார்சுவநாதரின் முன் தாயார் நெடுநேரம் நின்றார். படம் விரித்த நாகம் அவருக்குக் குடை பிடிக்கிறது. மாதாவின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் பாம்பையே கண்டு பழகிய கண்கள் அல்லவா! "இது நல்ல பாம்பு போலிருக்கு" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பாறையிலே வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி பட்டாரரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் பெண்மணி, இம்மலையின் தேவிக்குப் பொன் அணிகள் வழங்கிய செய்தியை அறிஞர்கள் படித்துச் சொல்லியிருக்கின்றனர். குறி சொல்லும் குறத்தியா என்று இளையவன் கேட்டான். அல்ல, குரவர் என்றால் ஆசிரியர், குரத்தி என்றால் ஆசிரியை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் கற்ற பெண்ணொருத்தி சமய ஆசிரியையாய் விளங்கியிருக்கிறாள்.

தாயார் இதைக் கேட்டுவிட்டுச் சுனையருகே அமர்ந்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அம்மையும் கோவில் கட்டும்போ பாம்படத்தைக் கழத்திக் குடுத்தா. ரெண்டு காதும் வெறுங்காதாத்தான் செத்தா. அவ பேரு எங்கே எழுதியிருக்கு மக்களே?" என்று கேட்டார்.

எங்களால் பதில் கூற இயலவில்லை. எங்கள் பங்கு ஆலயத்தின் அடிக்கல்லில் ஆயரின் பெயர் இருக்கிறது; பங்குத்தந்தையின் பெயர் இருக்கிறது. தாலி நீங்கலாகத் தம்மிடமிருந்த பொன்னையெல்லாம் தந்த பெண்களின் பெயர் ஒன்றேனும் அங்கு இல்லை. 'இந்த மலை நமக்குள்ளதில்லை' என்று சொன்ன அதே அம்மைதான் பாம்படம் கொடுத்தவளும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அவ்வேளையில் மூத்தவன் ஒரு கல்லெடுத்துப் பாறையோரத்தில் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறத் தொடங்கியிருந்தான். முன்னரே பலர் அவ்வாறு கீறி வைத்திருந்ததும் உண்மையே. தாயார் இத்தனை விரைவாக எழுந்ததை நாங்கள் கண்டதில்லை. "நீ என்னத்தக் குடுத்தேண்ணு பேரு எழுதுக?" என்ற ஒரு கேள்வியிலேயே கல் கையிலிருந்து விழுந்தது.

இறங்கும்போது அவன்தான் கேட்டான், பாட்டியின் அம்மை பெயர் என்னவென்று. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் எல்லாருக்கும் அவர் 'தொடுவெட்டிப் பாட்டி'. மார்த்தாண்டத்தின் பழம்பெயரே அவருடைய பெயராகவும் நின்றுவிட்டது. தாயார் திருமுழுக்குப் பெயரைச் சொன்னார். அன்றுதான் அதைக் கேட்டறிந்தோம்.

பிற்பகலில் மாத்தூர்த் தொட்டிப்பாலம். 1966இல் எழுப்பப்பட்டது, பறளியாற்றுக்கு மேலே, நூறடிக்கு மேற்பட்ட உயரத்தில், 28 தூண்கள் கால்வாய் நீரைச் சுமந்து நிற்கின்றன. பிள்ளைகள் ஓடினர், தாயார் நாலடி வைத்துக் கீழே பார்த்ததும் திரும்பிவிட்டார். கொண்டுபோன மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நிழலில் தீர்ந்தன.

மறு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தாயார் நேரே பங்குத்தந்தையிடம் சென்றார். ஆலயம் கட்டிய காலத்துக் கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். பழைய அலமாரியில் கறையான் தின்றது போக ஏதாவது மிஞ்சியிருக்கலாம் என்றார் அவர். உபதேசியாரும் எங்கள் மூத்தவனும் சனிக்கிழமைதோறும் அதைத் தேடி வருகின்றனர். இரண்டு கட்டுகள் பிரித்தாயிற்று. இன்னும் நான்கு உள்ளன.