31 நிமிடத்திலிருந்து 10 விநாடிக்கு

தொண்டாமுத்தூரிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகும் சாலையில், பாக்குத் தோப்புக்குள் இருக்கிறது அந்த நர்சரி. நிழல்வலைக்குக் கீழே வரிசை வரிசையாகப் பாலிதீன் பைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணுவோடு மிளகுக் கொடித் துண்டு. மார்ச் வெயில் வலையைத் தாண்டியும் சுடுகிறது. வெட்டி நட்ட துண்டுக்கு வேர் இல்லை, இலை மட்டும் உண்டு. இலை வழியே போகிற ஈரத்தை ஈடுகட்ட அதற்கு வழியில்லை. வேர் பிடிக்கும்வரை இலைமேல் லேசான ஈரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கூடிப்போனால் பை ஊறித் தண்டு அழுகிவிடும். எனவே சில நிமிடத்துக்கு ஒருமுறை, சில விநாடி மட்டும் புகைபோலத் தெளித்து நிறுத்த வேண்டும்.

தோட்டக்காரரிடம் பழைய டைமர் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. போர்வெல்லில் தண்ணீர் குறைந்துபோன காலத்தில், மோட்டார் வறண்டு ஓடாமலிருக்கக் கொஞ்ச நேரம் ஓட்டி, கொஞ்ச நேரம் ஊற விடுவதற்காக யாரோ கையால் கட்டிக் கொடுத்தது. அதையே இந்தப் புகைபோன்ற தெளிப்புக்கு, அதாவது மிஸ்ட்டுக்கு, மாற்றத்தான் உள்ளூர் மோட்டார் மெக்கானிக் வந்திருந்தார். காயில் கட்டுவதோடு நிற்காமல் போர்டையும் திறந்து பார்க்கிற ஆள்.

மூடியைக் கழற்றினார். சிடி 4060 ஐசி ஒன்று, ஒரு டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே. பெரிய கண்டென்சர் எதையும் காணோம். அரை மணி நேரத்தைச் சாதாரண 555 ஐசியில் எடுக்கப் போனால் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் தேவைப்படும். அது உள்ளுக்குள்ளேயே கசியும், வெயிலில் இன்னும் கசியும், நேரம் ஒரு நிலையில் நிற்காது. 4060 வேறு வழியில் போகிறது. சின்ன மின்தடையும் சின்ன கண்டென்சரும் வேகமாகத் துடிக்க, அந்தத் துடிப்பைப் படிக்குப் படி இரண்டால் வகுத்துக்கொண்டே 14 படி இறங்குகிறது. இந்தப் பெட்டியில் 1 மெகாஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் இருந்தன. இரண்டையும் பெருக்கி 2.3ஆல் பெருக்கினால் ஒரு துடிப்புக்கு 0.23 விநாடி. 14ஆம் படியில் அது 16,384 மடங்கு. ஒரு சுற்று 63 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு; அதாவது 31 நிமிடம் ஓட்டம், 31 நிமிடம் ஓய்வு.

நேரத்தைக் குறைக்க மின்தடையைத்தான் மாற்றுவார் என்று நினைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. 3ஆம் பின்னில் இருந்த வயரை ஈயம் உருக்கி எடுத்து 15ஆம் பின்னில் வைத்தார். அது 10ஆம் படி, 1,024 மடங்குதான். சுற்று 4 நிமிடமாகச் சுருங்கியது. வேலை முடிந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் அந்த 4 நிமிடத்தில் பாதி ஓட்டம், பாதி ஓய்வு. 2 நிமிடம் தெளித்தால் பை குளமாகிவிடும்.

இங்கேதான் 555 வந்தது. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, மறு ஆண்டு சிக்னெடிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐசி. அரை நூற்றாண்டு தாண்டியும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஒருமுறை தூண்டினால் ஒரு குறித்த நேரம் மட்டும் ஓடி நிற்கும்படி அதை இணைக்கலாம். மின்தடை, கண்டென்சர், 1.1 மூன்றையும் பெருக்கினால் அந்த நேரம். 91 கிலோஓம், 100 மைக்ரோஃபாரட் போட்டார்: 10 விநாடி. கண்டென்சர் ஏறுவதை 555 அளப்பது சப்ளை வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கில். அதனால் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் நேரம் பெரிதாக மாறாது. தோட்டத்து லைனுக்கு இது பெரிய வசதி.

4060இன் வயரை நேராக 555இன் 2ஆம் பின்னில் கொடுத்துப் பார்த்தார். ரிலே 'டிக்' என்று பிடித்தது. 10 விநாடி போனது. விடவில்லை. தூண்டுகிற பின் தாழ்ந்தே இருந்தால் 555 நிற்காது. 4060 தாழ்ந்து கிடப்பதோ முழுசாக 2 நிமிடம். "இது தட்டோணுமுங்க, புடிச்சுட்டு நிக்கக் கூடாது" என்றபடி நடுவில் 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்தார். 2ஆம் பின்னிலிருந்து பாசிட்டிவுக்கு 10 கிலோஓமும் அதன்மேல் ஒரு டையோடும். இப்போது வோல்டேஜ் விழும் அந்த நொடியில் மட்டும் ஒரு தட்டு. கைபேசியில் நேரம் பார்த்தோம்: 11 விநாடிக்கு மேல் ஓடியது. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் தன்மேல் அச்சிட்ட அளவிலிருந்து 20 சதவீதம் வரை விலகலாம். 91 கிலோஓமை எடுத்துவிட்டுத் திருகி மாற்றுகிற பிரிசெட்டைப் போட்டு 10க்குக் கொண்டுவந்தார்.

தோட்டக்காரர் மோட்டார் வயரை எடுத்து நீட்டினார். மெக்கானிக் வாங்கவில்லை.

"இதுல மோட்டாரைக் கட்டக் கூடாதுங்ணா."

"ஏந் தம்பி, முன்னால அதுல தான ஓடுச்சு?"

முன்பு அந்த ரிலே ஒரு நாளைக்கு 23 முறை பிடித்தது. இனி 366 முறை. முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை தாங்கும் ரிலே என்று வைத்தாலும் ஒன்பது மாதத்தில் பாயின்ட் தேய்ந்துவிடும். மோட்டார் அதற்கும் முன்பே போகும்: ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும், காயில் ஆறுவதற்குள் அடுத்த ஸ்டார்ட். டைமரைச் சுருக்குகிறவர்கள் ஐசியைப் பற்றித்தான் கணக்குப் போடுகிறார்கள்; சுருக்கியதன் பாரம் முழுதும் அதற்குப் பின்னால் இருக்கிற இரும்பின் மேலும் செம்பின் மேலும்தான் விழுகிறது. மணிக்கணக்குக்குச் செய்த ரிலேயை நிமிடக்கணக்கில் ஓட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

அவர் செய்தது இது. மோட்டாருக்கு ஒரு பிரஷர் ஸ்விட்சும் சின்ன பிரஷர் டேங்கும். பைப்பில் அழுத்தம் குறைந்தால் மட்டும் மோட்டார் தானாக எடுக்கும். ரிலே திறந்து மூடுவது 24 வோல்ட் சொலினாய்டு வால்வை. அதன் கரன்ட் அற்பம், ரிலே பாயின்ட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 555இன் 4ஆம் பின், அதாவது ரீசெட், வெளிச்சத்துக்கேற்ப மாறும் மின்தடையான ஒரு எல்டிஆர் வழியாகப் போனது. இருட்டினால் மிஸ்ட் கிடையாது. இரவில் இலை வாடப் போவதில்லை என்பதால் இது நியாயம்தான், ரிலேயின் வேலையும் பாதியாகிவிடுகிறது.

தோட்டக்காரருக்கு இன்னொரு கேள்வி இருந்தது. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் 4 நிமிடத்துக்கு ஒருமுறை தேவைப்படாதே, 8 நிமிடமாக்க அந்த வயரை அடுத்த பின்னுக்கு மாற்றினால் போதுமா?

"11ஆம் படி இந்த ஐசில வெளிய வர்றதில்லீங்ணா. பத்துக்கப்புறம் நேரா பன்னெண்டு. 16 நிமிஷமாயிரும்."

உள்ளே 11ஆம் படி இருக்கிறது, எண்ணுகிறது. அதற்குக் கால்தான் கிடையாது. 16 கால் ஐசியில் இடம் போதாமல் விட்ட படிகளில் அதுவும் ஒன்று. மெக்கானிக் இன்னொரு 0.1 கண்டென்சரை எடுத்துப் பழையதற்கு இணையாக வைத்து, நடுவில் ஒரு சின்ன சுவிட்சைப் பொருத்தினார். போட்டால் 8 நிமிடம், அணைத்தால் 4. சுவிட்சுக்குப் பக்கத்தில் தோட்டக்காரர் மார்க்கர் பேனாவால் 'மழை', 'வெயில்' என்று எழுதினார்.