சிவப்புத் தலை, நீல உடம்பு

ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "சிங்கம் பார்த்தீர்களா?" என்பதுதான். பார்த்தேன். ஆனால் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்பது ஓர் ஓணான்.

மகன் தார் எஸ் சலாமில் வேலையில் இருந்தபோது என்னையும் மனைவியையும் செரெங்கெட்டி பார்க்க அனுப்பி வைத்தான். அருஷாவிலிருந்து ஜீப். கோரோங்கோரோ பக்கமிருந்து போனால் நாபி குன்று என்ற இடத்தில் நுழைவாயில் வருகிறது. அனுமதிச் சீட்டு வேலை முடியும் வரை வண்டிகள் அங்கே நின்றாக வேண்டும். ஓட்டுநர் வரிசையில் நிற்கப் போனார். எனக்கு முட்டி வலி; குன்றின் அடிவாரத்திலேயே ஒரு பாறையருகே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏங்க, அங்க பாருங்க, யாரோ பிளாஸ்டிக் பொம்மையைப் போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றாள் மனைவி. பொம்மை தலையை ஆட்டியது!

தலை, கழுத்து, தோள் வரை குங்குமச் சிவப்பு. அதற்குக் கீழே உடம்பும் வாலும் மயில் கழுத்து நீலம். வாலோடு சேர்த்து ஏறத்தாழ ஓர் அடி. இரண்டு முன்னங்கால்களையும் ஊன்றி, தண்டால் எடுப்பதுபோல் மேலும் கீழும் அசைந்தது. அருகிலேயே பாறை நிறத்தில், பழுப்பாக இன்னும் மூன்று இருந்தன. அவை நகர்ந்த பிறகுதான் கண்ணில் பட்டன.

திரும்பி வந்த ஓட்டுநர், "அகாமா, பாபு" என்றார். சுவாஹிலியில் பாபு என்றால் தாத்தா. பல்லி, ஓணான் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ம்ஜூசி' என்பார்களாம். அன்று இரவு தங்கிய விடுதியின் அலமாரியில் ஒரு ஊர்வன நூல் இருந்தது. என் கைப்பேசிப் படத்தையும் நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் பெயர் கிடைத்தது: ம்வான்ஸா தட்டைத்தலை அகாமா. ம்வான்ஸா, விக்டோரியா ஏரியின் தென்கரையில் உள்ள ஊர். தட்டையான தலையும் உடம்பும் பாறை இடுக்கில் நுழைந்துகொள்ள வசதி.

போகிறவர்களுக்கு அடையாளம் சொல்லிவிடுகிறேன். தலை மட்டுமல்லாமல் தோள் வரை சிவப்போ ஊதா கலந்த சிவப்போ இருந்து, உடம்பு கருநீலமாக இருந்தால் இது. கென்யாவில் விடுதிச் சுவர்களிலும் பாறைகளிலும் ஆரஞ்சுத் தலையோடு, வாலில் பட்டை பட்டையாக இருப்பது வேறு வகை. இரண்டுமே பச்சோந்தி அல்ல. பச்சோந்திக்கு இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். நடையும் மெதுவாக, யோசித்து யோசித்து நடப்பதுபோல் இருக்கும். அகாமா ஒரே ஓட்டம்தான்.

வண்ணமெல்லாம் ஆணுக்குத்தான். அதிலும் அந்தப் பாறையை ஆளுகிற ஆணுக்கு மட்டும். மற்ற ஆண்கள் பெண்களைப்போலவே மங்கலாக இருக்கும். குளிர்ந்த காலையில் தலைவரும் மங்கல்தான். வெயில் ஏற ஏறத்தான் பளபளப்பு. ஆகவே காலை ஒன்பது மணிக்கு மேல் பாறைகளைப் பாருங்கள். செரெங்கெட்டியில் சமவெளி நடுவே நம் ஊர்க் கரடுபோல எழும் பாறைக் குவியல்களைக் 'கோப்யே' என்கிறார்கள். சிங்கம் படுக்கும் இடமும் அதுவே. தூங்கும் சிங்கத்தின்மேல் ஏறி ஈ பிடிக்கும் அகாமாவின் படங்கள் கூட வந்திருக்கின்றன.

மறுநாள் ஓட்டுநர் கேட்டார், "உங்கள் நாட்டில் இது உண்டா, பாபு?"

இதன் பங்காளிகள் உண்டு என்றேன். நம் வேலி ஓணானும் இதே குடும்பம்தான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் உள்ள பாறை ஓணானில், இனப்பெருக்க காலத்து ஆணுக்கு முதுகு சிவந்து பக்கங்கள் கறுத்திருக்கும். பிறகு எங்கள் ஊர்ப் பையன்களின் கதையையும் சொன்னேன். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம். ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அதனால் ஓணானைக் கண்டால் கல். சுருக்கு வைத்தும் பிடிப்பார்கள்.

அவர் சிரித்தார். அப்புறம் சிறிது நேரம் பேசாமல் ஓட்டினார். "எங்கள் பாட்டிக்குக் கின்யோங்கா என்றால் பயம்" என்றார். கின்யோங்கா என்றால் பச்சோந்தி. அதைக் கண்டால் கெட்டது நடக்குமாம், அடித்துவிடுவார்களாம். "இப்போது அது சாலையைக் கடந்தால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன். அது நடந்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். என் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதில்தான் இருக்கிறது."

கல்லெறிகிற வழக்கத்துக்கு எத்தனையோ பேர் எத்தனையோ உபதேசம் செய்து கேட்டிருக்கிறேன். இதுபோல் எதுவும் மனதில் தைக்கவில்லை.

இப்போதெல்லாம் பேரனுக்கு அணில் கதை சொல்லும்போது முதுகில் மூன்று கோடு விழுந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன். "கதையில் பாதியை முழுங்கிட்டீங்களே" என்று வீட்டில் கேலி நடக்கிறது. நடக்கட்டும். அவன் கொல்லைப்புற வேலியில் ஓணான் எத்தனை தரம் தலையாட்டுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். நேற்றைய கணக்கு பதினேழு.