ஓட்ட ஒரு காரு, ஊர் போய்ச் சேர ஒரு காரு

கார் மாற்றப் போகிறேன் என்று ஆபீசில் வாயைத் திறந்தால் போதும், அன்றைக்கு ஒருத்தரும் வேலை பார்க்க மாட்டார்கள். ஆளுக்கொரு கட்சி. கிரெடிட் செக்‌ஷன் முழுக்க மாருதி கட்சி. "ரீசேல் சார், ரீசேல்!" புதிதாகச் சேர்ந்த பையன்கள் எல்லாம் டர்போ கட்சி. எங்கள் சீஃப் மேனேஜர் டொயோட்டா கட்சி. அவர் வீடு பிடதி ஃபாக்டரி பக்கம் என்பதால் உள்ளூர்ப் பாசம் வேறு. காபி கொண்டு வருகிற பெரியவர் மட்டும்தான் உருப்படியாக ஒன்று கேட்டார். "எல்லிகெ ஹோக்தீரா சார்?" எங்கே போவீர்கள் என்று அர்த்தம்.

யோசித்தால் அதுதான் முதல் கேள்வி. ஓட்டுகிற சுகம் ஒரு தட்டில், நம்பகம் இன்னொரு தட்டில் என்று எல்லோரும் தராசு பிடிக்கிறார்கள். எந்த ரோடு, எத்தனை மணி, பின் சீட்டில் யார் என்று தெரியாமல் அந்தத் தராசை வைத்து என்ன நிறுப்பது?

என் கணக்கைச் சொல்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பெங்களூர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தினமும் பன்னேர்கட்டா ரோட்டிலிருந்து எம்.ஜி. ரோடு வரை. வருடத்தில் ஐந்தாறு தடவை ஊருக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி என்று கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். அப்பாவுக்கு 78 வயது. ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து இடது கால் சரியாக மடங்காது. அம்மா ஒருத்திதான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊரிலிருந்து போன் வந்தால் ரயில் போயிருக்கும், விமானம் மறுநாள்தான். கை தானாகக் கார் சாவியைத் தேடும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். நாற்பத்தாறு வயதில் வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை (தங்கமணி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்). கியரை நானே மாற்ற வேண்டும். வளைவில் ஸ்டியரிங் கைக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த வண்டி வாங்கும்போது எல்லாம் எலெக்ட்ரிக், எல்லாம் ஆட்டோமேட்டிக் என்று ஆகியிருக்கும். கையால் கியர் போட்டு ஓட்ட இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஒரு நினைப்பு.

முதலில் சுகத்தைக் கணக்குப் பார்ப்போம். டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் வருடக் கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் போக 34 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதாவது மணிக்குப் பதினேழரை கிலோமீட்டர். இந்த வேகத்தில் வெர்னா டர்போவின் 160 குதிரைகளும் கொட்டடியில் நின்று கொள்ளுத் தின்ன வேண்டியதுதான். சில்க் போர்டு சிக்னலில் சுகம் என்பது கிளட்ச் லேசாக இருப்பது, நாலு மூலையும் கண்ணுக்குத் தெரிவது, அவ்வளவே.

சரி, ஹைவேயில்? பெங்களூர்–மைசூர் எக்ஸ்பிரஸ் ரோடு 2023 மார்ச்சில் திறந்தார்கள். அங்கேயே வேக வரம்பு 100தான், மேலே கேமரா முறைக்கிறது. ஆக, பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை வினாடி என்பது பத்திரிகைக்காரர்களுக்கான விஷயம். நமக்கு வேண்டியது 50இலிருந்து 90. தொப்பூர் ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி முக்கிக்கொண்டு போகும்போது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது, மூன்றாவது கியரில் வண்டி எப்படி இழுக்கிறது என்பதுதான் உண்மையான பரீட்சை.

இந்த இடத்தில் எஞ்சின்களின் குணம் தெரியும். ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸின் 1.0 டிஎஸ்ஐ டர்போ எஞ்சின் 178 நியூட்டன் மீட்டர் டார்க்கை 1750 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் எஞ்சினில் டர்போ கிடையாது. 145 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4300 ஆர்பிஎம்முக்குப் போனால்தான். முதலாவது கேட்ட உடனே கொடுக்கும். இரண்டாவதிடம் ஒரு கியர் இறக்கி, எஞ்சினைச் சுற்றவிட்டு வாங்க வேண்டும். சிலருக்கு அது வேலை, எனக்கு அதுதான் விளையாட்டு.

அடுத்து நம்பகம். இதில் நம் ஊர் சரித்திரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2001இல் ஃபியட் பாலியோ வந்தது ஞாபகம் இருக்கிறதா? டெண்டுல்கர் விளம்பரத்தில் வருவார். அதன் 1.6 எஞ்சின் 100 குதிரை சக்தி. அந்தக் காலத்தில் ஒரு சின்னக் காருக்கு அது ரொம்ப அதிகம். ஓட்டினவர்கள் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். விற்கப் போனவர்கள் வேறு மாதிரி பேசுவார்கள். அதே ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினை உரிமம் வாங்கி மாருதி தயாரித்தது. 2007இல் ஸ்விஃப்ட் டீசலில் வந்தது. அதே எஞ்சின் குடும்பம் ஃபியட் புன்டோவிலும் இருந்தது. புன்டோ வாங்கினால் "ஃபியட்டா? யோசிச்சீங்களா?" என்பார்கள். ஸ்விஃப்ட் டீசல் வாங்கினால் "கண்ணை மூடிட்டு எடுங்க" என்பார்கள். எஞ்சின் ஒன்று, பெயர் இரண்டு. வித்தியாசம் இரும்பில் இல்லை. பின்னால் இருந்த சர்வீஸ் சென்டர்களின் எண்ணிக்கையிலும் ஸ்பேர் கிடைக்கிற வேகத்திலும் இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது அந்த எஞ்சினின் கதை முடிந்தது.

கம்பெனியே நாட்டில் நிற்குமா என்பது இன்னொரு கேள்வி. ஷெவர்லே விற்பனையை ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபாக்டரி வைத்திருந்த ஃபோர்ட், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஃபிகோவும் ஈகோஸ்போர்ட்டும் ஓட்ட அருமையான வண்டிகள். சர்வீஸ் தொடரும் என்று சொன்னார்கள். ஆனாலும் அன்று ராத்திரி அந்த வண்டி வைத்திருந்தவர்கள் வயிற்றில் ஏதோ கரைந்திருக்கும்.

எதிர்ப்பக்க உதாரணம், பிடதியிலிருந்து 2000த்தில் வந்த டொயோட்டா குவாலிஸ். பெங்களூரில் கால் சென்டர்கள் முளைத்த காலத்தில் ராப்பகலாக ஆள் ஏற்றி இறக்கியது அதுதான். அசராத உழைப்பாளி. ஓட்டுகிற சுகம் என்று கேட்டால், குட்டி யானையிடம் பரதநாட்டியம் எதிர்பார்த்த கதை!

இனி என் தொழில் பாஷையில் கொஞ்சம். கடன் கொடுக்கும்போது நாங்கள் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்ப்போம். பணம் திரும்பாமல் போக எவ்வளவு வாய்ப்பு? திரும்பாவிட்டால் எவ்வளவு நஷ்டம்? இரண்டையும் பெருக்கினால்தான் உண்மையான ரிஸ்க். காருக்கும் இதுவே. "அடிக்கடி ரிப்பேர் ஆகுமா?" என்று மட்டும்தான் எல்லோரும் கேட்கிறார்கள். "ஆனால் எத்தனை நாள் படுக்கும்?" என்று கேட்பதில்லை.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் அப்பாவை ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்து ராத்திரி பதினொன்றுக்குக் கிளம்பினேன். தருமபுரி தாண்டி, தொப்பூருக்கு முன்னால், இரண்டு மணிக்கு வண்டி நின்றுவிட்டது. ஃப்யூயல் பம்ப். கம்பெனி பேர் வேண்டாம். பத்து வருடத்தில் அது நின்றது அந்த ஒரே தடவைதான். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் நம்பகமான வண்டி. ஆனால் எங்கே நின்றது, எப்போது நின்றது? நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து சேலத்தில் இறக்கிவிட்டார். பணம் கொடுத்தபோது "அப்பாவைப் போய்ப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பஸ் மாறி மாறித் திருநெல்வேலி சேர மத்தியானம். நல்லவேளை, அப்பா கண் திறந்திருந்தார். "ஏன்டே இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த பம்ப் வந்துசேர 19 நாள் ஆயிற்று.

அதனால் இந்தத் தடவை ஷோரூமுக்கு முன்னால் ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். பெங்களூரில் கார் ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பேர் போன இடம். குடோனில் ஸ்டாக் சரிபார்க்கப் போகிற மாதிரி கையில் ஒரு பேப்பர். கிளட்ச் செட், ஃப்யூயல் பம்ப், ரேடியேட்டர் ஃபேன் மோட்டார், லோயர் ஆர்ம், ஹெட்லைட் என்று ஐந்து சாமான். மூன்று கடையில் விசாரித்தேன். மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் ஐந்தும் கையோடு. ஹோண்டாவுக்கு நாலு கையோடு, ஒன்று மறுநாள். சில கம்பெனிகளுக்கு "அட்வான்ஸ் கொட்டு ஹோகி சார்" என்றார்கள். முன்பணம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று. அவற்றை லிஸ்டிலிருந்து அடித்துவிட்டேன்.

பிறகு ஊர் போகிற வழியில் இருக்கும் சர்வீஸ் சென்டர்களைப் பேப்பரில் புள்ளி வைத்துப் பார்த்தேன். மாருதிக்குக் கோலப் புள்ளி மாதிரி நெருக்கமாக விழுந்தது. ஹோண்டாவுக்குக் கொஞ்சம் இடைவெளி. ஃபோக்ஸ்வேகனுக்கு இன்னும் இடைவெளி. வண்டியில் குறை என்று சொல்லவில்லை, என் ரோட்டில் புள்ளி குறைவு. கோயம்புத்தூர்க்காரருக்கு வேறு கணக்கு வரலாம்.

கடைசியில் நின்றவை மூன்று. ஸ்விஃப்ட், விர்ட்டஸ் 1.0, சிட்டி. மூன்றும் மேனுவல் கியர்.

வரியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் டிகிரிக்கு அவமானம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40. அதற்கு மேல் கர்நாடக ஆயுள் வரி. 5 முதல் 10 லட்சம் வரை 14 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 17, அந்த வரி மேல் செஸ் தனி. எல்லாம் சேர்ந்து ஸ்விஃப்டைப் பார்த்துக் கண் அடிக்கிறது. தங்கமணியும் ஸ்விஃப்ட் பக்கம்தான். எடை குறைந்த வண்டி, 82 குதிரையே துள்ளி ஓடப் போதும், சந்தில் திருப்பச் சுலபம்.

ஆனால் அப்பாவின் சக்கர நாற்காலி? ஸ்விஃப்ட் டிக்கி 265 லிட்டர். நாற்காலியை மடித்து வைத்தால் அம்மாவின் பைக்குக்கூட இடம் இல்லை. பின் சீட்டில் அப்பா காலை நீட்டவும் முடியாது. சிட்டியின் டிக்கி 506 லிட்டர், விர்ட்டஸ் 521. ஷோரூமுக்கு நாற்காலியையே எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்தோம். சேல்ஸ் பையன் முதலில் முழித்தான், பிறகு அவனே மடித்துக் கொடுத்தான்.

நைஸ் ரோட்டில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். விர்ட்டஸ் ஜம்மென்று போனது, மறைக்க மாட்டேன். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 179 மில்லிமீட்டர், சிட்டிக்கு 165தான். பெங்களூர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது. சிட்டியில் கிளட்ச் பஞ்சு மாதிரி, கியர் விரலால் விழுகிறது. எனக்குச் சிட்டி விடெக் மேல் பழைய ஆசையும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் என் முதல் மேனேஜர் வைத்திருந்தார். ஒருநாள் எஞ்சினை விரட்டிக் காட்டினார், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆசை ஒரு மார்க், ஜே.சி. ரோடு ஒரு மார்க், புள்ளிகள் ஒரு மார்க். டர்போவும் அதைச் சேர்ந்த குழாய்களும் இல்லாத எஞ்சின் என்பதற்கு இன்னொரு மார்க். சிட்டியே எடுத்தோம், 2025 அக்டோபரில்.

இதுவரை ஊருக்கு மூன்று தடவை போய் வந்தாயிற்று. குறை உண்டு. 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பேறி. ஐந்து பேர் ஏறினால் சில ஸ்பீடு பிரேக்கரில் குறுக்காக ஏற்ற வேண்டும். ஆனால் தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவதுக்கு இறக்கி மிதித்தால் எஞ்சின் குரல் மாறி மேலே போகிறது பாருங்கள், அதற்காகவே இன்னொரு லாரி முன்னால் வராதா என்று இருக்கும். தனியாகத் திரும்பும்போது ஒருதடவை சேலத்தில் பிரிந்து ஏற்காடு ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவு. மேலே ஒரு டீ குடித்துவிட்டு இறங்கினேன். வீட்டில் "டிராஃபிக்" என்று சொல்லிவைத்தேன் (இதைத் தங்கமணி படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கை).

பொங்கலுக்கு அப்பாவைப் பின் சீட்டில் உட்காரவைத்துத் திருச்செந்தூர் போய் வந்தோம். காலை நீட்டிக்கொண்டு வழி முழுக்கத் தூங்கினார். கோயில் வாசலில் நாற்காலியை எடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

புதுக் கார் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பவர் எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், போன வருடம் உங்கள் வண்டி போன வழிகளை ஒரு பேப்பரில் எழுதுங்கள். அந்த வழியில் எங்கே சந்தோஷமாக ஓட்டினீர்கள், எங்கே நின்றால் தாங்காது என்று இரண்டு இடத்தை வட்டம் போடுங்கள். பிறகு ஷோரூமுக்குப் போங்கள். சக்கர நாற்காலி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.