ஓட்டையைப் பெருப்பிக்காத கராஜ்

யாழ்ப்பாணக் குடாநாடு தட்டை நிலம். இங்கே உயர்த்தின ஜீப்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் மணல்காட்டுக்கும் சுண்டிக்குளத்துக்கும் போகாதவர்களாக இருக்கவேண்டும். வடமராட்சி கிழக்கின் மணலும் மாரியில் வெள்ளம் நிற்கும் தரவைப் பாதைகளும் தாழ்ந்த வண்டியை நகரவிடாது. உயரமான ஜீப் சந்தியில் வந்து நின்றால் நாலுபேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஆசையையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இந்த ஆசைக்கு அடிக்கடி அகப்படுவது மிற்சுபிசியின் பழைய ஜீப். அமெரிக்க வில்லீஸ் நிறுவனத்தின் உரிமத்தோடு ஜப்பானில் 1953 முதல் 1998 வரை செய்த வண்டி. அதன் 2,659 சீசீ டீசல் எஞ்சினின் பெயர் 4டி.ஆர்.5, நம்மூரில் வண்டியையே அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய ஜீப் வைத்திருந்தவர்கள் அதை விற்கவில்லை, திருத்தினார்கள். சிலர் உயர்த்தினார்கள்.

மருதனார்மடத்தில் காங்கேசன்துறை வீதியை விட்டு ஓர் ஒழுங்கைக்குள் இறங்கினால் நான் போன கராஜ் வரும். தகரக் கூரை, எண்ணெய் ஊறின மண், ஒரு வேப்பமரம். காலையில் மரக்கறிச் சந்தையின் இரைச்சல் இங்குவரை கேட்கும். கராஜ்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. கூட வேலை செய்யும் தம்பி கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் படித்தவர். ஒருவர் கையால் கற்றவர், மற்றவர் கோணங்களைப் படித்துவிட்டு வந்தவர். இருவருக்கும் நாள் முழுக்கச் சின்னச் சின்ன வாக்குவாதம்.

அன்று நின்ற ஜீப்புக்கு வேறெங்கோ உயர்த்தும் வேலை நடந்திருந்தது. முன்பக்கத்தில் வில்லைச் சேசிஸோடு இணைக்கும் நீளமான ஷக்கிள், கூடுதல் வளைவுள்ள புது வில்லுகள், நீள ஷொக். சொந்தக்காரரின் முறைப்பாடு: வேகம் பிடித்தால் ஸ்ரியறிங் அலைகிறது, பிறேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது.

பெரியவர் முதலில் ஸ்பனரைத் தொடவில்லை. மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டை எடுத்தார். சேசிஸில் இரண்டு பக்கமும் ஒரே இடத்திலிருந்து குண்டைத் தொங்கவிட்டு நிலத்தில் சோக்கால் குறித்தார். முன் அச்சின் இரண்டு முனைகளுக்கும் அப்படியே குறித்து, நூல் பிடித்து அளந்தார். முன் அச்சு இடப்பக்கம் 12 மில்லிமீற்றர் பின்னுக்கு நின்றது.

காரணம், வில்லை அச்சோடு கட்டும் யூ போல்டைக் கழற்றியதும் வெளியே வந்தது. வில்லுத் தகடுகளை ஒன்றாகக் கட்டும் சென்ரர் போல்டின் தலை, அச்சின் இருக்கையிலுள்ள ஓட்டைக்குள் இறங்கி உட்காரவேண்டும். அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பது அந்தச் சின்னத் தலைதான். புது வில்லின் போல்ட் தலை பெரிது. ஓட்டைக்குள் இறங்கவே இல்லை. முன்பு பூட்டியவர் யூ போல்டை இறுக்கிச் சமாளித்திருக்கிறார். பிறேக் போடும்போதெல்லாம் அச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வழுக்கியிருக்கிறது.

“இருக்கையின்ர ஓட்டையைப் பெருப்பிச்சுவிட்டால் இறங்கும்தானே அண்ணை?” என்று கேட்டார் சொந்தக்காரர்.

“இறங்கும் தம்பி. பிறகு அதுக்குள்ள ஆடும். போல்ட் தலையை லேத்தில கடைவம், அச்சில கை வைக்கக்கூடாது.”

இந்தப் பதில் என்னை யோசிக்க வைத்தது. இவர் தொழில் பழகியது 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் ஏ40 காரும் ஓட்டின ஊர் இது. அளவில்லாததை அளவாக்குவதுதான் அன்று மெக்கானிக்கின் கெட்டித்தனம். அந்தப் பெருமை இன்னும் பல கராஜ்களில் மிச்சம் இருக்கிறது: எதையும் ஏற்றிக் குடுப்பம் என்ற பெருமை. எஞ்சினில் அது ஓரளவு சரிவரும். தவறினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். வில்லிலும் ஸ்ரியறிங்கிலும் தவறினால் வண்டி நிற்காது. தடைக்காலத்தில் ஊறின இந்த மனிதருக்குத்தான் எதை ஒப்பேற்றக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

அடுத்த சிக்கல் வில்லின் நீளம். புதுத் தகடு பழையதைவிட நீளம் என்பதால் ஷக்கிள் பாரமில்லாமலே சரிந்து சேசிஸை முட்டப் பார்த்தது. குழியில் விழும்போது வில்லு நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷக்கிள் ஆடுகிறது. ஆட இடமில்லையென்றால் அடி முழுவதும் சேசிஸுக்குப் போகும். சேசிஸில் பிடியை நகர்த்தி ஒட்டலாம் என்றார் தம்பி. பெரியவர் மூலையில் கிடந்த பழைய மேல் தகட்டை எடுத்தார். மண்ணெண்ணெய் பூசி, துடைத்து, மேலே சோக்குத்தூள் தடவினார். வெடிப்பிருந்தால் உள்ளே ஊறின எண்ணெய் சோக்கில் கோடாகக் கசியும். கசியவில்லை. அதைச் சூடாக்காமல் அடித்து வளைவேற்றி, அகலம் ஒத்துப்போன புதுத் தகடுகளை அதன் கீழே அடுக்கினார்கள். வில்லில் வெல்டிங்குக்கு அவர் சம்மதிப்பதில்லை. சூடு பட்ட இடத்தில் உருக்கின் பதம் போய்விடும்.

வில்லின் கண்ணில் பூட்டும் றப்பர் புஷ்ஷின் வேலை சுன்னாகத்து லேத்துக்குப் போனது. உள்ளே போகும் இரும்புக் குழாய் றப்பரைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்கவேண்டும். போல்ட் இறுகும்போது குழாய் இறுகவேண்டும், றப்பர் நசியக்கூடாது. வந்திருந்த புஷ்ஷில் கதை தலைகீழ்.

தம்பியின் படிப்பு கைகொடுத்தது ஸ்ரியறிங் அலைச்சலில். இந்த ஜீப்பில் முன் ஷக்கிள் வில்லின் முன் நுனியில் இருக்கிறது. அதை 2 அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது 1 அங்குலம்தான். ஆனால் அச்சு முன்னுக்குச் சரிந்து காஸ்டர் கோணம் குறையும், சில்லு தானாக நேருக்குத் திரும்பாது. வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே 3 பாகை உருக்கு ஆப்பு வைத்தார்கள். தடித்த பக்கத்தை மாறி வைத்தால் நோய் கூடும். சரியாக வைத்தாலும் புறொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கொஞ்சம் கெடும். அதனால்தான் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தக் கேட்டு வருபவர்களைப் பெரியவர் திருப்பி அனுப்புகிறார். எனக்கும் அது சரியாகவே படுகிறது. சுண்டிக்குளத்து மணலுக்கு அதற்குமேல் தேவையில்லை.

கடைசி இறுக்கு ஜக்கில் நின்றபடி நடக்கவில்லை. வண்டியை இறக்கி, பாரம் முழுக்க நாலு ரயரிலும் நின்ற பிறகே புஷ் போல்ட்டுகளை இறுக்கினார்கள். தூக்கிவைத்து இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகின நிலையில் நின்று சீக்கிரம் கிழியும்.

ஜீப் உயர்த்த எண்ணியிருப்பவர்கள் சாமான் வாங்க முதல் பழைய வில்லின் கண்ணுக்குக் கண் நீளம், தகட்டின் அகலம், சென்ரர் போல்ட் தலையின் விட்டம் மூன்றையும் அளந்து கொண்டுபோங்கள். பழைய யூ போல்டைத் திரும்பப் பூட்டவிடாதீர்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடினதும் கராஜுக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். நல்ல கராஜ்காரர் அதற்குக் காசு கேட்கமாட்டார்.