கறிதோசைக்கு எதிரே ஒரு முழம்

மதியச் சாப்பாடு முடிந்து மேசைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மதுரை சிம்மக்கல் பக்கம் ஓர் அசைவ மெஸ். மாலை வியாபாரம் தொடங்க இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் மெனு கார்டுக்கு எட்டு அயிட்டங்களைப் படமெடுத்தாக வேண்டும். புகைப்படக்காரர் கொல்லைப்புறக் கதவை அகலத் திறந்துவிட்டு, உள்ளே எரிந்த டியூப்லைட்டுகளை எல்லாம் அணைக்கச் சொன்னார். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் சால்னாவின் நிறம் கெட்டுவிடுமாம்.

பெஞ்சில் துண்டை விரித்து மூன்று நிக்கான் லென்ஸ்களை வரிசையாக வைத்தார்: 50, 60, 105.

“தோசை கல்லவிட்டு எறங்குனப்புறம் லென்ஸ் தேடக் கூடாது சார். நாலு நிமிசந்தான் அதுக்கு உசுரு.”

காலையில் மிஞ்சிய ஊத்தப்பம் ஒன்றைத் தட்டில் வைத்து அளவு பார்க்கத் தொடங்கினார்.

பல வருடம் கல்யாண வேலை பார்த்தவர். மண்டப இருட்டில் அவருக்குக் கைகொடுத்தது 50 எம்.எம். எஃப் 1.8. எடையும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் 45 சென்டிமீட்டருக்குக் கிட்டே போனால் அதற்கு ஃபோகஸ் பிடிக்காது. அந்த 45ஐ லென்ஸின் நுனியிலிருந்து அளக்கக் கூடாது. கேமராவின் தலையில் குறுக்குக்கோடு போட்ட சின்ன வட்டம் ஒன்று பொறித்திருக்கும். உள்ளே சென்சார் இருக்கும் இடம் அது. அங்கே டேப்பைப் பிடித்துக் காட்டினார். அவ்வளவு நெருங்கியும் சட்டத்துக்குள் 24 சென்டிமீட்டர் அகலம் விழுந்தது. முழுத் தட்டுக்கு அது சரி. வெட்டிய தோசையின் அடுக்கைக் காட்ட எங்களுக்கு 14 சென்டிமீட்டர் வேண்டும்.

அடுத்து 60 மேக்ரோ. நிக்கான்காரர்கள் இதை மைக்ரோ என்றுதான் எழுதுவார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகலாம், ஆனால் 14 சென்டிமீட்டருக்கு வரும்போது தட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. உதவிக்கு வந்த தம்பி சூடான சால்னாக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான். கண்ணாடியில் ஆவி படிந்தது. தட்டின் முன்விளிம்பில் லென்ஸின் நிழலும் விழுந்தது.

அதே அகலத்தை 105 ஏறக்குறைய ஒரு முழம் தள்ளி நின்று எடுத்தது. நிழல் விழவில்லை, ஆவி எட்டவில்லை. பக்கவாட்டில் தெர்மாகோல் அட்டையை நிறுத்தவும் இடம் கிடைத்தது.

அந்த ஒரு முழம் எனக்கு வேறொன்றையும் சொன்னது. குனிந்து சாப்பிடுகிறவரின் கண்ணுக்கும் தட்டுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். பண்டத்தின் உருவம் கோணுவதும் கோணாததும் நாம் எங்கே நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இடியாப்பம் விற்கும் ஒரு பாட்டியைப் பற்றி எழுதியபோது, செல்போனைத் தட்டுக்கு நாலு விரல் கிட்டே கொண்டுபோய்ப் படம் எடுத்தேன். முன்பக்கம் ஊதி, பின்பக்கம் ஒடுங்கி அச்சில் வந்தது. பாட்டி பத்திரிகையை விரித்துப் பார்த்துவிட்டு, “இது என் இடியாப்பம் இல்லையேப்பா” என்றார். நாற்பது வருடம் பிழிந்த கைக்கு நான் செய்த அநியாயம் அது. இன்றும் உறுத்துகிறது.

மேக்ரோ வாங்கிவிட்டோம் என்பதற்காக அதன் எல்லை வரை போக வேண்டியதில்லை என்பது புகைப்படக்காரரின் கட்சி. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் எடுத்தால் சட்டத்துக்குள் அடங்குவது 36 மில்லிமீட்டர் அகலம். ஒரு கறித்துண்டு, அதன்மேல் மினுங்கும் எண்ணெய், அவ்வளவுதான். என்ன பண்டம் என்றே தெரியாது. பசியோடு பார்க்கிறவருக்கு அதனால் என்ன பயன்? இவருக்கு வேண்டியது, நடுவில் எந்த தூரத்திலும் தடையில்லாமல் ஃபோகஸ் பிடிக்கும் சுதந்திரம்.

நாலரைக்கு மாஸ்டர் கல்லைப் பற்றவைத்தார். மாவைச் சின்னதாக, தடிமனாக ஊற்றினார். மேலே அடித்த முட்டை. அதன்மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறியை வைத்துக் கரண்டியின் முதுகால் பரப்பிவிட்டார். சுற்றி எண்ணெய் விட்டு, கறி சிதறாமல் ஒரே வீச்சில் திருப்பிப் போட்டார். அந்த மணிக்கட்டைத்தான் படமெடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தட்டு வந்ததும் ஊத்தப்பத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறிதோசையை வைத்தார்கள். கத்தியால் ஒரே வெட்டு. கீழே கறியின் கரும்பழுப்பு, நடுவில் மஞ்சள், மேலே வெள்ளை. துளையை எஃப் 2.8க்குத் திறந்தால் இந்த நெருக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் தெளியும். 8க்கு மூடினால் ஒரு சென்டிமீட்டர் கிடைக்கும். அவர் 8ல் வைத்தார். அதைவிட முக்கியமாக, தட்டை மெல்லத் திருப்பி வெட்டுமுகத்தை லென்ஸுக்கு நேராக நிறுத்தினார். மூன்று அடுக்கும் ஒரே தளத்துக்கு வந்துவிட்டதால் அந்த ஒரு சென்டிமீட்டரே தாராளம். பின்னால் தொங்கிய கறுப்புத் துணிக்கு முன், கதவு வெளிச்சத்தில் ஆவி நூலாக எழுந்தது. பத்துப் படம் எடுத்திருப்பார்.

கைலியில் கையைத் துடைத்தபடி மாஸ்டர் வந்து திரையைப் பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். முட்டையின் நுரைத்துளைகூடத் தெரிந்தது. அவர் பார்வை வலது ஓரத்தில் நின்றது.

“இந்த ஓரத்துல கறி வரலண்ணே. முட்டை மட்டும் வழிஞ்சு நிக்கிது. இன்னொண்ணு போட்டுத் தாரேன்.”

நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. புகைப்படக்காரர் கொல்லைப்புறக் கதவைப் பார்த்தார். வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கேமராவை அவர் தொடவில்லை. தட்டு இருந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, “போடுங்க மாஸ்டர்” என்றார். வெட்டிய தோசையைத் தம்பியிடம் நீட்டினார்.

கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது.