ஆசிரியரின் சம்பளத்துக்கு முன் கூரை

குதூரி நூலில் வக்ஃப் பாடத்தை நாம் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். வக்ஃபின் வருமானத்திலிருந்து முதலில் அந்த வக்ஃபையே பழுது பார்க்க வேண்டும். வக்ஃப் செய்தவர் அப்படி நிபந்தனை விதித்திருந்தாலும் விதிக்காவிட்டாலும் சரியே. இதுதான் அப்பாடத்தின் ஒரு சட்டம். மாணவர்கள் மனனம் செய்து ஒப்பிப்பார்கள், நாமும் தலையசைத்துவிட்டு அடுத்த மஸ்அலாவுக்குச் சென்றுவிடுவோம். அச்சட்டம் நமது சட்டைப் பையைத் தொடும் நாள் வரும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் சேலம் மாவட்டத்திலும் மழையைக் கொட்டித் தீர்த்தது. மழை ஓய்ந்த மூன்றாம் நாள், எமது மஹல்லாவுக்கு உரிய அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில், தொழுகை விரிப்பு அளவுக்குக் கூரையின் காரை பெயர்ந்து விழுந்தது. அந்த அறை காலியாக இருந்ததால் எவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அறை ஏன் காலியாக இருந்தது என்பதே உண்மையில் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அம்மாபேட்டையில் தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்ட காலத்தில் எழுந்த கட்டடம் அது. செல்வந்தர் ஒருவர் மதரஸாவின் செலவுக்கென வக்ஃப் செய்தார். தரைத் தளத்தில் நான்கு கடைகள். மேலே இரண்டு தளங்களிலும் அலுவலக அறைகள். நூல் வியாபாரிகள், வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரி, ஆடிட்டர், தட்டச்சுப் பயிலகம், வங்கிக் கிளை ஒன்று எனப் பலரும் அங்கே இருந்தனர். மாதம் பிறந்தால் வாடகை வரும். அதிலிருந்தே எமக்கும், ஓதிக் கொடுக்கும் மற்ற இரு உஸ்தாதுகளுக்கும் சம்பளம். எமது பிள்ளைகள் உண்ட சோற்றில் அந்தக் கட்டடத்தின் பங்கு உண்டு.

முதலில் வங்கிக் கிளை வெளியேறியது. பிறகு ஆடிட்டர் சென்றார். மேல்தளத்தில் மூன்றாண்டுகள் பூட்டே தொங்கியது. “ஊரில் தொழில் நொடித்துவிட்டது” என்று ஜமாஅத்தில் பேசிக்கொண்டோம். அது நம்மை நாமே ஏமாற்றிக்கொண்ட பேச்சு. அதே 2024இல் கருப்பூர்ப் பக்கம் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஊருக்குள் புதிய கட்டடங்கள் எழுந்தன, அவற்றில் அலுவலகங்களும் வந்தன. தொழில் இருந்தது, எமது கட்டடத்திற்குத்தான் வரவில்லை. ஏப்ரல் மாதத்தில் அந்த இரண்டாம் தளத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

காரை விழுந்த மறுவாரம் நிர்வாகக் கூட்டம் கூடியது. மூன்று கருத்துகள் எழுந்தன. இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டலாம், பாதித் தளங்களை எடுத்துக்கொண்டு தம் செலவிலேயே கட்டித்தர ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார் என்றனர் சிலர். வக்ஃப் சொத்தில் பாதியை எழுதிக் கொடுக்க நாம் யார் என்று முத்தவல்லி கேட்டதோடு அது அடங்கிற்று. முகப்பில் ஏசிபி தகடும் நீலக் கண்ணாடியும் ஒட்டி, வர்ணம் அடித்து, உடனே வாடகைக்கு விடலாம் என்றனர் வேறு சிலர். மலிவானது என்பதால் அதற்கே ஆதரவு அதிகம். மூன்றாவது கருத்தைச் சொன்னவர், பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற எமது மஹல்லாவாசி. “முதலில் மாடி ஏறிப் பார்ப்போம். பிறகு பேசுவோம்” என்றார் அவர்.

ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு அறை அறையாகக் கூரையைத் தட்டினார். கணீரென்று ஒலித்த இடத்தை விட்டுவிட்டார். பொத்தென்று கேட்ட இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். மாலைக்குள் மேல்தளக் கூரையில் பதினொரு வட்டங்கள் இருந்தன. முதல் தளத்தில் ஒன்றுகூட இல்லை. “தூணும் உத்திரமும் நன்றாக இருக்கின்றன ஹஜ்ரத். மொட்டை மாடியில் போட்ட சுருக்கியும் தட்டோடும் வெடித்து, தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி காரையைத் தள்ளிவிடும். அதுதான் கதை” என்றார். பல ஆண்டுகளாக ஒழுகலுக்கு நாம் செய்த வைத்தியம், உள்பக்கம் வர்ணம் பூசியது மட்டுமே. நோயை மறைத்ததற்கும் கூலி கொடுத்திருக்கிறோம்.

அக்கூட்டத்தில் நாம் சேப்பாக்கத்தைப் பற்றிப் பேசினோம். சில ஆண்டுகளுக்கு முன் சென்னை சென்றிருந்தபோது, வாலாஜா நவாபின் குடும்பத்தார் 1795இல் கட்டிய திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு, சேப்பாக்கம் வரை நடந்து போனோம். நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் அரண்மனை அங்கேதான் நிற்கிறது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என இரு பகுதிகள். 1768 அளவில் எழுந்தது. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்தார். ஆங்கிலேய அரசு பட்டத்தை ஒழித்தது. அரண்மனை ஏலத்திற்கு வந்து அரசின் கைக்கே போயிற்று. சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் இடையே ஒரு கோபுரத்தை எழுப்பி இரண்டையும் இணைத்தார். தர்பார் நடந்த கூடங்கள் கோப்புகள் அடுக்கிய அரசு அலுவலகங்களாயின. நூற்றைம்பது ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

2012 ஜனவரியில் கலஸ் மஹாலில் தீப்பற்றியது. மேற்கூரை சரிந்தது. தீயை அணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். கரிந்து நின்ற சுவர்களைப் பார்த்த எவரும் இடித்துத் தள்ளவே சொல்லியிருப்பர். ஆனால் பொதுப்பணித் துறை அச்சுவர்களை நிறுத்தி வைத்தே வேலை செய்தது. சிமென்டை விட்டுவிட்டுச் சுண்ணாம்புக் கலவைக்குத் திரும்பினார்கள். மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் முறையில் கூரை வேய்ந்தார்கள். பழைய சுவர் மூச்சு விடும் சுவர். அதன்மேல் சிமென்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரையே தின்றுவிடும் என்பது காரணம். இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இயங்குகிறது. பக்கத்து ஹுமாயூன் மஹாலும் பின்னர் புதுப்பிக்கப்பட்டு, விடுதலைப் போராட்ட அருங்காட்சியகத்திற்கென ஒதுக்கப்பட்டது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் மன்றம், இடிபாட்டுக் குப்பையாகப் போகாமல் தப்பிய ஒரு கட்டடத்தில் அமர்ந்திருப்பதை எண்ணி அன்று நாம் வாசலில் சற்று நேரம் நின்றிருந்தோம்.

“அது நவாபின் அரண்மனை, அரசாங்கத்தின் பணம். நம்முடையது நாலு கடைக் கட்டடம் ஹஜ்ரத்” என்று ஒருவர் சிரித்தார். அவர் சொன்னதும் நியாயமே. அரண்மனைக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டது என்பதால் கான்கிரீட் கட்டடத்திற்கும் சுண்ணாம்பு பூச முடியாது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டது ஒன்றே: எது நிற்கிறது, எது போய்விட்டது என்று முதலில் பிரித்துப் பார்த்தார்கள்.

பொறியாளர் சொன்ன இன்னொரு செய்தி கூட்டத்தின் போக்கையே மாற்றியது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல் திறக்கப்பட்டது, 102 மாடிகள். அங்கும் இதே நோய்: பழைய கட்டடம், சிறு சிறு வாடகைதாரர்கள், எகிறும் மின்கட்டணம். 2009இல் பெரும் புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டது. 6,514 ஜன்னல்கள். அவற்றின் கண்ணாடிகளைக் குப்பையில் எறியவில்லை. அதே கட்டடத்தின் ஒரு தளத்தில் பட்டறை போட்டு, கழற்றிய கண்ணாடிகளுக்கு இடையே மெல்லிய படலம் வைத்து, வாயு நிரப்பி, மீண்டும் பொருத்தினார்கள். வெப்பம் உள்ளே வருவதும் வெளியே போவதும் குறைந்தது. அதனால் குளிரூட்டும் பெரிய இயந்திரங்களைப் புதிதாக வாங்காமல் பழையவற்றையே சீர்செய்து ஓட்ட முடிந்தது. மின்சாரமும் எரிபொருளும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். சிறு அறைகளை இணைத்துப் பெரிய தளங்களாக்கினார்கள், பெரிய நிறுவனங்கள் வந்தன.

“முதலில் வெயிலை நிறுத்தணும். ஏசி எத்தனை டன் என்பதை அப்புறம் கேட்கணும்” என்று முடித்தார் அவர். மேற்கு பார்த்த எமது முகப்பில் நீலக் கண்ணாடி ஒட்டும் யோசனை அத்துடன் போயிற்று. சேலத்து வெயிலில் கண்ணாடிப் பெட்டியைக் கட்டி, அதைக் குளிர்விக்க ஆயுள் முழுதும் மின்கட்டணம் செலுத்துவது எந்த ஊர் அறிவு?

வேலையின் பட்டியலையும் மதிப்பீட்டையும் பார்த்தபோது எமது நாக்கு உலர்ந்தது. கூரைப் பழுது, மொட்டை மாடி, கழிவறைகள், மும்முனை மின்சாரத்திற்கான புதிய வயரிங், படிக்கட்டு. சந்தா திரட்டியும் போதவில்லை. தரைத் தளக் கடைகளின் வாடகையைத் தொட்டாக வேண்டும். அது எமது சம்பளம். முத்தவல்லி எம்மைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும்.

ஹனஃபி நூல்களில் வரிசை தெளிவாகவே இருக்கிறது. முதலில் கட்டடப் பழுது. அதன் பிறகு, அதற்கு அடுத்தபடியாக நெருக்கமானவை. பள்ளிவாசலென்றால் இமாம், மதரஸாவென்றால் ஆசிரியர். ஆசிரியர் இருக்கிறார், ஆனால் கூரைக்குப் பின்னால். நாமே அதைச் சொன்னோம். துணிவினால் சொன்னதாக எண்ண வேண்டாம். மாணவர்கள் இருவர் தேநீர் கொண்டுவந்து அங்கே நின்றிருந்தனர், அவர்களுக்கு அந்தப் பாடம் மனனம். சொல்லாமல் இருக்க வெட்கமாக இருந்தது.

2025 பிப்ரவரியிலிருந்து ஏழு மாதங்கள் பாதிச் சம்பளம். இடையில் ரமளானும் வந்தது. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்க, எமது துணைவியார் தம் தாயார் கொடுத்த வளையல் ஒன்றை நகைக்கடையில் விற்றுவிட்டு வந்தார்கள். “கூரைக்குக் கொடுத்தீங்களா, சரி. கூரையாவது ஒழுகாம இருக்கட்டும்” என்றார்கள். அதற்குமேல் அவர்கள் எதுவும் பேசவில்லை. மற்ற இரு உஸ்தாதுகளில் இளையவர் மாலையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதப் போனார். அவரிடம் ஒப்புதல் கேட்காமலே கூட்டத்தில் மூவருக்குமாக நாம் பேசிவிட்டோம் என்பது இன்றும் எமக்கு உறுத்தல்.

வேலை நடந்தது. முட்டுக் கொடுத்து, பொத்தலான காரையைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, தேவையான இடத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கலவை ஏற்றினார்கள். மொட்டை மாடியின் பழைய சுருக்கியை முழுதும் அகற்றி, தண்ணீர் ஓட வாட்டம் சரிசெய்து, நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் வெள்ளைக் கூல் டைல்ஸ் பதித்தார்கள். மேற்கு ஜன்னல்களின் மேல் சன்ஷேடை நீட்டினார்கள். பளபளப்பு எதுவுமில்லை. சாலையில் போகிறவர்களுக்கு வேலை நடந்ததே தெரியாது.

நடுவிலிருந்த அறைத் தடுப்புகளை எடுத்தபோது ஏழு தேக்குக் கதவுகள் மிஞ்சின. நிர்வாகத்தில் ஒருவர், தம் வீட்டுக்கு இரண்டு கிடைக்குமா என்று வெள்ளை மனத்தோடுதான் கேட்டார். வக்ஃப் கட்டடத்திலிருந்து கழன்ற பொருளை அக்கட்டடத்தின் பழுதுக்கே பயன்படுத்த வேண்டும். இப்போது தேவையில்லையெனில் தேவை வரும்வரை பாதுகாக்க வேண்டும். உரியவர்கள் என்று எவரும் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. இதுவும் அதே பாடத்தில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ஐந்து கதவுகள் புதிய கழிவறைகளுக்கும் சேமிப்பறைக்கும் பொருந்தின. இரண்டு கதவுகள் படிக்கட்டின் அடியில் துணி போர்த்தி நிற்கின்றன.

முதலில் பார்க்க வந்தது ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனம். அதன் மேலாளர் ஓர் இளம்பெண். நாம் பெருமையோடு கூரையைக் காட்ட ஆயத்தமானோம். அவர் நேராகக் கழிவறைக்குச் சென்றார். குழாயைத் திறந்தார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். “எங்ககிட்ட வேலை பார்க்கிறவங்கள்ல முக்கால்வாசி பெண்கள் சார்” என்றார். பழைய கட்டடத்தில் மாடிக்கொரு கழிவறை, அதுவும் படிக்கட்டின் முடக்கில், விளக்கின்றி. நாற்பது ஆண்டுகள் எவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் அக்கட்டடத்திற்குள் வேலைக்கே வரவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அவர் கேட்ட இரண்டாவது, ஊன்றுகோலோடு வரும் ஊழியர் ஒருவர் எப்படி ஏறுவார் என்பது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. ஆயினும் லிஃப்டுக்குப் பணமில்லை. குழி மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். தரைத் தளத்தில் பின்பக்க அறையைச் சாய்தளத்தோடு அவர்களுக்கே சேர்த்துக் கொடுப்பதென முடிவாயிற்று. ஆனால் அந்த அறையை நாம் வேறொருவருக்கு வாக்களித்திருந்தோம்.

முதல் தளத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் பெரியவர் செங்குந்தர் சமூகத்தைச் சேர்ந்தவர். எழுபதைக் கடந்தவர். அரசுத் தட்டச்சுத் தேர்வுக்கு இன்றும் பிள்ளைகள் அவரிடம் வருகிறார்கள். அவர் தரும் வாடகை புதிய வாடகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வேலை தொடங்கியதிலிருந்தே எம்மைக் காணும்போதெல்லாம், “நானும் காலி பண்ணணுமா ஹஜ்ரத்?” என்று கேட்பார். மாடி ஏற முடியாததால் கீழே பின்னறையைத் தருவதாக நாமே சொல்லியிருந்தோம். வக்ஃபின் வருமானத்தைக் குறைத்து இரக்கம் காட்ட நமக்கு உரிமை உண்டா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். அக்கேள்வியில் தவறில்லை, சந்தை வாடகையைவிட மிகக் குறைத்து வக்ஃபை விடுவது கூடாது என்றே எமது நூல்களும் சொல்கின்றன. ஆனால் வாக்கும் அமானத்துதான்.

கடைசியில் பின்னறையை இரண்டாகத் தடுத்தோம். ஒரு பாதி நிறுவனத்திற்கு. மறுபாதியில் எட்டுத் தட்டச்சு இயந்திரங்கள். பெரியவர் தாமாகவே வாடகையை இரட்டிப்பாக்கினார். ஐயா, இவ்வளவு வேண்டாம் என்றோம். அவர் கேட்கவில்லை. அதுவும் சந்தை வாடகைக்குக் குறைவுதான். மூன்றாண்டு கழித்து மீண்டும் பேசுவதென ஏட்டில் எழுதியிருக்கிறோம். தட்டச்சுச் சத்தம் தொந்தரவாகும் என்று நிறுவனத்தார் முதலில் தயங்கினார்கள். இப்போது அந்த ஊன்றுகோல் இளைஞர் காலையில் சற்று முன்னதாகவே வந்து பெரியவரோடு தேநீர் அருந்துகிறார்.

2025 செப்டம்பரில் முழுச் சம்பளம் திரும்பியது. நிலுவையைக் கேட்கவில்லை, தருவதாகவும் எவரும் சொல்லவில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழை ஓர் இரவு முழுதும் பெய்தது. பஜ்ருக்குப் பின் குடையை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் போனோம். இரண்டாம் தளத்தில் இரவுப் பணி முடித்த பெண்கள் கீழே வண்டிக்காகக் காத்திருந்தனர். பொறியாளர் எமக்கு முன்பே வந்து, கையில் அதே சுத்தியலோடு அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.